ப்ளூஸ் கிட்டாருக்குள் ஜாஸ் வரும் வழி

ப்ளூஸ் கிட்டார் பழகுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே ஒரு பெட்டியில்தான், அதாவது கை நகராமல் எட்டும் சில ஃபிரெட்டுகளுக்குள்தான், தொடங்குகிறார்கள். (ஃபிரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள கட்டம்; ஒரு ஃபிரெட் நகர்ந்தால் ஸ்வரம் அரைப்படி மாறும்.) 5-ஆவது ஃபிரெட்டில் ஏ மைனர் பென்டாடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேல்: ஏ, சி, டி, இ, ஜி. பின்னணியில் ஏ7, டி7, இ7 என்று மூன்று கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறிமாறி வரும். கை அந்த ஐந்து ஸ்வரங்களை விட்டு நகராது. அதுவே நன்றாகத்தான் ஒலிக்கும். எத்தனையோ பெரிய பதிவுகள் அந்த ஐந்தின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் கொஞ்ச காலம் வாசித்த பிறகு ஒரு குறை காதில் பட ஆரம்பிக்கும். பின்னணியை நிறுத்திவிட்டு சோலோவை மட்டும் கேட்டால், கார்ட் எந்த இடத்தில் மாறியது என்று சொல்ல முடியாது.

பலர் ஜாஸ் பக்கம் திரும்புவது இந்தக் கட்டத்தில்தான். திரும்பியதும் அவர்கள் கையில் ஸ்கேல் பெயர்களின் நீண்ட பட்டியல் ஒன்று திணிக்கப்படுகிறது: மிக்ஸோலிடியன், ஆல்டர்டு, டிமினிஷ்ட், மெலடிக் மைனர். ஆறு மாதம் அதோடு போராடிவிட்டு மறுபடி பழைய பெட்டிக்கே வந்துவிடுகிறார்கள். இது அவர்களுடைய குறை இல்லை. பாடம் தொடங்கிய இடம் தப்பு. ஜாஸ் ஹார்மனியிலிருந்து, அதாவது கார்டுகளின் அமைப்பிலிருந்தும் நகர்விலிருந்தும், ப்ளூஸ் கிட்டார்காரர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒவ்வொரு கார்டிலும் உள்ள இரண்டே ஸ்வரங்களையும், அவை அடுத்த கார்டுக்கு நகரும் பாதையையும்தான். மற்ற எல்லாமே அதன் மேல் கட்டப்படுவது.

அதற்கு முன் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஜாஸும் ப்ளூஸும் இரண்டு தனி நாடுகள் போலவும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதோ கடத்தி வர வேண்டும் போலவும் பேசுவது வழக்கமாகிவிட்டது. கிட்டாரின் கதை அப்படி இல்லை. மின்கிட்டாரை ப்ளூஸில் முன்வரிசைக்குக் கொண்டுவந்த டி-போன் வாக்கர் 1910-இல் டெக்சாஸில் பிறந்தவர். மின்கிட்டாரை ஜாஸில் சோலோ கருவியாக நிலைநிறுத்திய சார்லி கிறிஸ்டியனும் 1916-இல் அதே டெக்சாஸில் பிறந்தவர்; வளர்ந்தது ஓக்லஹோமா சிட்டியில். இருவருக்கும் நேரடிப் பழக்கம் இருந்தது. கிறிஸ்டியன் 1939-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 1942-இல் 25 வயதில் காசநோயால் இறந்துபோனார். வாக்கர் 1947-இல் லாஸ் ஏஞ்சலஸில் 'ஸ்டார்மி மன்டே' பாட்டைப் பதிவு செய்தபோது அவருடன் டிரம்பெட், டெனர் சாக்ஸஃபோன், பியானோ எல்லாம் இருந்தன. பதிவைக் கேட்டால், சின்ன ஜாஸ் குழு ஒன்று மெதுவான ப்ளூஸ் வாசிக்கிறது என்றே சொல்லத் தோன்றும். ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் தனக்கு வழிகாட்டியவர்களாக வாக்கரோடு சேர்த்து கிறிஸ்டியனையும் இன்னொரு ஜாஸ் கிட்டார்காரரான ஜாங்கோ ரைன்ஹார்ட்டையும் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆக ப்ளூஸ் கிட்டாரில் ஜாஸ் பின்னால் ஒட்டவைத்த சங்கதி கிடையாது. மின்கிட்டார் ப்ளூஸ் பிறக்கும்போதே அது கூட இருந்தது.

சரி, அந்த இரண்டு ஸ்வரங்களுக்கு வருவோம்.

ஏ7 கார்டில் நான்கு ஸ்வரங்கள்: ஏ, சி ஷார்ப், இ, ஜி. இதில் ஏ-யை பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்கிறார். இ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது. கார்டை 'ஏ7' என்று காதுக்குச் சொல்பவை மூன்றாவது ஸ்வரமான சி ஷார்ப்பும் ஏழாவது ஸ்வரமான ஜி-யும்தான். கர்நாடக இசை பழகியவர்கள் ஏ-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், இவை அந்தர காந்தாரமும் கைசிகி நிஷாதமும். இதே கணக்கில் டி7-க்கு எஃப் ஷார்ப், சி. இ7-க்கு ஜி ஷார்ப், டி.

இப்போது கிட்டாரில் 4-ஆவது கம்பியையும் 3-ஆவது கம்பியையும் (மெல்லிய கம்பியிலிருந்து எண்ணி) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆவது கம்பியில் 5-ஆவது ஃபிரெட் ஜி. 3-ஆவது கம்பியில் 6-ஆவது ஃபிரெட் சி ஷார்ப். இது ஏ7. இரண்டு விரலையும் ஒரே ஒரு ஃபிரெட் கீழே இறக்கினால் எஃப் ஷார்ப்பும் சி-யும் கிடைக்கும், அது டி7. பழைய இடத்திலிருந்து ஒரு ஃபிரெட் மேலே ஏற்றினால் ஜி ஷார்ப்பும் டி-யும், அது இ7. ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்று பன்னிரண்டு பார் (பார் என்றால் ஒரு தாள அளவு): முதல் நான்கில் ஏ7, 5, 6-இல் டி7, 7, 8-இல் ஏ7, 9-இல் இ7, 10-இல் டி7, பிறகு மறுபடி ஏ7. இந்தப் பன்னிரண்டு பார் ப்ளூஸின் ஹார்மனி முழுவதும் இரண்டு விரலில், ஒரு ஃபிரெட் ஏற்றத்திலும் ஒரு ஃபிரெட் இறக்கத்திலும் அடங்கிவிடுகிறது. இதை ஒருமுறை வாசித்துக் கேட்டவருக்கு 'கார்ட் மாறுவது' என்றால் என்ன என்பது காதில் பதிந்துவிடும். கை ஐந்தாறு ஃபிரெட் தாவிப் போவதால் கார்ட் மாறுவதில்லை. உள்ளே இரண்டு ஸ்வரங்கள் மிகக் குறைந்த தூரம் நகர்வதால் மாறுகிறது. கவுன்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்து ஐம்பது ஆண்டுகள் தாளக் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன், இப்படிப்பட்ட சின்ன உருவங்களை வைத்துத்தான், பல நேரம் அவற்றிலும் சில ஸ்வரங்களை விட்டுவிட்டு, ஒரு பெரிய குழுவையே ஓட்டினார்.

இதை அப்படியே சோலோவுக்குக் கொண்டுபோகலாம். 5-ஆவது ஃபிரெட் பெட்டியில் ஏ மைனர் பென்டாடானிக் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். டி7 வருகிறது. அந்த ஐந்து ஸ்வரங்களில் ஜி ஒன்றை மட்டும் ஒரு ஃபிரெட் இறக்கி எஃப் ஷார்ப் ஆக்குங்கள். 2-ஆவது கம்பியில் 8-ஆவது ஃபிரெட்டுக்குப் பதில் 7. இப்போது உங்களிடம் இருப்பவை ஏ, சி, டி, இ, எஃப் ஷார்ப். இவற்றை டி-யிலிருந்து அடுக்கிப் பாருங்கள்: டி, எஃப் ஷார்ப், ஏ, சி, இ. அப்படியே டி9 கார்ட்! கை பெட்டியை விட்டு நகரவில்லை, புது ஸ்கேல் எதுவும் மனப்பாடம் செய்யவில்லை, ஒரே ஒரு விரல் ஒரு ஃபிரெட் இறங்கியிருக்கிறது. அதற்குள் சோலோ கார்டைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது. ப்ளூஸும் ஜாஸும் கலந்து வாசிக்கும் கிட்டார்காரர் ராபன் ஃபோர்டின் வாசிப்பில் அடிக்கடி தலைகாட்டும் நிறம் இது. ஜாஸ் கற்க விரும்பும் ப்ளூஸ்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒன்றைத்தான். இதையே இரண்டு ஃபிரெட் மேலே தள்ளினால் பி, டி, இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், அது இ9.

இன்னொரு நுணுக்கம் இதைவிடச் சின்னது, ஆனால் கேட்பவரை உடனே தொடுவது. பெட்டியில் உள்ள சி, ஏ-க்கு மைனர் மூன்றாவது. கர்நாடகக் கணக்கில் சாதாரண காந்தாரம். ப்ளூஸ்காரர்கள் அதைக் கொஞ்சம் வளைத்து, சி-க்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் எங்கோ நிறுத்துகிறார்கள். பாட்டின் அழுகை இருப்பதே அந்த நடு இடத்தில். ஏ7 ஓடும்போது அந்த வளைவு கார்டின் சி ஷார்ப்பை நோக்கிப் போகிறது, அதனால் பொருந்துகிறது. டி7 வந்ததும் அதே சி, கார்டின் ஏழாவது ஸ்வரம் ஆகிவிடுகிறது. அங்கே அதை வளைத்தால் கார்டோடு முட்டும்; வளைக்காமல் நேராக நிறுத்தினால் அமைதியாக உட்காரும். ஒரே விரல், ஒரே ஃபிரெட். ஏ7-இல் வளைவு, டி7-இல் நேர். பி.பி. கிங்கைக் கேட்கும்போது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிக் கேளுங்கள். தனக்குக் கார்ட் வாசிக்க வராது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னவர். ஆனால் கார்ட் எங்கே மாறுகிறது என்பதை அவர் அளவுக்குக் காதால் அறிந்தவர்கள் குறைவு.

அடுத்தது ஒன்பதாவது ஸ்வரம், அதாவது ஏழு ஸ்வரம் தாண்டி மேல் ஸ்தாயியில் வரும் இரண்டாவது. டி-போன் வாக்கரின் அடையாளம் என்றே சொல்லத்தக்க அந்த வழுக்கல் நகர்வில் இருப்பது அதுதான். ஏ7 ஓடும்போது மெல்லிய மூன்று கம்பிகளில் எஃப் ஷார்ப் மைனர் உருவத்தைப் பிடித்து, இரண்டு ஃபிரெட் கீழே இ மைனருக்கு வழுக்குகிறார்கள். முதலாவது, ஏ-க்கு ஆறாவது, முதல், மூன்றாவது ஸ்வரங்களைத் தருகிறது. இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவதைத் தருகிறது. ரூட்டை, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்தை, பாஸ் பிடித்துக்கொள்வதால் கேட்பவர் காதில் ஏ6-இலிருந்து ஏ9-க்கு ஒரு பெருமூச்சு போல இறங்குகிறது. தியரியில் இதற்கு நீண்ட விளக்கம் தரலாம். விரலுக்குத் தெரிய வேண்டியது, ஒரு உருவம் இரண்டு ஃபிரெட் வழுக்குகிறது என்பது மட்டுமே.

இதுவரை சொன்னது கார்ட்டை மாற்றாமல் அதற்குள்ளேயே நடப்பது. கார்ட்டுகளையே மாற்றும் இடங்கள் பன்னிரண்டு பாரில் சில உண்டு. அவற்றில் 4-ஆவது பார்தான் தலைவாசல். ஏன் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

ஐரோப்பிய ஹார்மனியின் கணக்கில் ஏ7 போன்ற கார்ட் ஓய்வெடுக்காது. உள்ளே இருக்கும் சி ஷார்ப்பும் ஜி-யும் உரசிக்கொண்டு, டி கார்டுக்குப் போய் அடங்கத் துடிக்கும். ப்ளூஸ் இந்த விதியைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே ஏ7-தான் வீடு. பாட்டு தொடங்குவதும் அதில், முடிவதும் அதில். இந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் ப்ளூஸே இல்லை. ஆனால் 4-ஆவது பாருக்கு வரும்போது அடுத்து டி7 வரப்போகிறது. அந்த ஒரு பாருக்கு மட்டும் ஏ7 இரண்டு வேலை செய்கிறது: வீடாகவும் இருக்கிறது, டி-யை நோக்கித் தள்ளும் கார்டாகவும் இருக்கிறது. ஜாஸ்காரர்கள் அந்த இரண்டாவது வேலையைப் பெரிதாக்குகிறார்கள்.

எளிய வழி, அந்தப் பாரின் முதல் பாதியில் இ மைனர் 7, பின்பாதியில் ஏ7. இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் பார்த்த இரண்டு விரல் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அடியில் ரூட்டை மட்டும் ஏ-யிலிருந்து இ ஃப்ளாட்டுக்கு மாற்றுங்கள். 5-ஆவது கம்பியில் 6-ஆவது ஃபிரெட். ஜி-யும் சி ஷார்ப்பும் இ ஃப்ளாட் 7-க்கும் உரியவை என்பதால் மேலே எதுவுமே மாறவில்லை. அடுத்த பாரில் மூன்று விரலும் ஒரு ஃபிரெட் இறங்கினால் டி7. டிரைடோன் சப்ஸ்டிடியூஷன் என்ற பயமுறுத்தும் பெயரில் புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

சோலோவிலும் 4-ஆவது பாரே சரியான இடம். சி ஷார்ப், இ, ஜி, பி ஃப்ளாட் என்ற நான்கும் சேர்ந்து ஒரு டிமினிஷ்ட் கார்ட். மூன்று மூன்று ஃபிரெட்டாக அந்த உருவத்தைத் தள்ளினால் அதே நான்கு ஸ்வரங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஏ7 மேல் இதை வாசித்தால் பி ஃப்ளாட் ஒன்று மட்டும் அந்நியமாக உறுத்தும். 5-ஆவது பாரின் முதல் அடியில் அந்த பி ஃப்ளாட் ஒரு ஃபிரெட் இறங்கி ஏ-யில் அமர்ந்தால், அல்லது ஜி இறங்கி எஃப் ஷார்ப்பில் அமர்ந்தால், உறுத்தல் இனிப்பாக மாறிவிடும். ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு 1986-இல் வாசித்த ராபன் ஃபோர்ட் இதே இடத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், அரைப்படியும் முழுப்படியும் மாறிமாறி வரும் அரை-முழு டிமினிஷ்ட் ஸ்கேலை எட்டு ஸ்வரங்களோடு முழுதாகப் பயன்படுத்துகிறார். ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும். முதல் மூன்று பாரும் பெரும்பாலும் பழைய ப்ளூஸ் பேச்சுதான். 4-ஆவதில் மட்டும் கதவு திறக்கிறது; 5-ஆவதில் அவர் வீட்டுக்குள் இருக்கிறார். முதல் பாரிலேயே டிமினிஷ்ட் ஸ்கேலைக் கொட்டுபவர்களின் வாசிப்பு ஏன் எடுபடுவதில்லை என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. அந்த உறுத்தல் போய் அடங்குவதற்கு அங்கே இடமே இல்லை.

6-ஆவது பாரில் டி7-இன் ரூட்டை மட்டும் ஒரு ஃபிரெட் ஏற்றினால் டி ஷார்ப் டிமினிஷ்ட் 7 கிடைக்கும். அங்கிருந்து இ-யை அடியில் வைத்த ஏ கார்டுக்கு பாஸ் படியேறிப் போகும். தேவாலயப் பாட்டின் சாயல் அதில் உண்டு. 8-ஆவது பாரில் எஃப் ஷார்ப் 7 போட்டால் 9-ஆவது பாரில் பி மைனர் 7-க்கு வழி திறக்கும். இவை இரண்டும் கேட்டவுடன் பிடிபடுபவை. நீண்ட விளக்கம் தேவையில்லை.

9, 10-ஆவது பார்களில்தான் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. ப்ளூஸ் அங்கே இ7, அப்புறம் டி7 என்று இறங்குகிறது. ஜாஸ் அதை பி மைனர் 7, இ7 என்று மாற்றி, வீட்டை நோக்கி ஏறுகிறது. திசையே எதிர். ப்ளூஸின் மூன்றாவது அடி, அதாவது பாடுபவர் முதல் இரண்டு அடிகளுக்குப் பதில் சொல்லும் அடி, இங்கேதான் வருகிறது. இ7-இலிருந்து டி7-க்கு இறங்கும் அந்தச் சரிவில் ஒரு கரடுமுரடு இருக்கிறது. ஜாஸ் வழி அதை வழவழப்பாக்கிவிடுகிறது. இரண்டில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குழுவில் மற்றவர்கள் எதை வாசிக்கிறார்கள் என்று கேட்காமல் இதை மாற்றுவது பெரிய தவறு. பாஸ் வாசிப்பவர் டி-யில் இறங்கி நிற்கும்போது நீங்கள் இ7-இன் ஜி ஷார்ப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால், கேட்பவருக்கு அது ஜாஸாகப் படாது, பிசகாகத்தான் படும்.

இந்த மாற்றங்களை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ஒரு எல்லையில் ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'ப்ளூஸ் ஃபார் ஆலிஸ்' இருக்கிறது. 1951-இல் பதிவானது. எஃப்-இல் தொடங்குகிறது, அதுவும் எஃப் மேஜர் 7-இல். ஏழாவது ஸ்வரம் அரைப்படி ஏறியதுமே ப்ளூஸின் அந்தப் பழைய உரசல் போய்விடுகிறது. அப்புறம் பெரும்பாலான பார்களில் இரண்டிரண்டு கார்டாக இறங்கி, 5-ஆவது பாரில் பி ஃப்ளாட் 7-ஐச் சரியாகப் போய்ப் பிடிக்கிறது. பன்னிரண்டு பார் என்ற எலும்புக்கூடு மட்டும் அப்படியே நிற்கிறது. அற்புதமான இசை. ஆனால் ப்ளூஸ் கிட்டார்காரர் இதைத் தொடக்கப் பாடமாக எடுத்துக்கொண்டால், கார்டுகளைத் துரத்துவதிலேயே மூச்சு போய்விடும்; கம்பியை வளைக்கவோ ஒரு வரியைத் திருப்பிச் சொல்லவோ நேரம் இருக்காது.

எனக்கு நடுவழியாகத் தெரிவது அதே 'ஸ்டார்மி மன்டே'யின் பிற்கால உருவம். ப்ளூஸ் பாடகர் பாபி பிளாண்ட் அதை 1960-களின் தொடக்கத்தில் பாடினார். கிட்டார் வெய்ன் பென்னட். அந்த வழியைப் பின்பற்றி ஆல்மன் பிரதர்ஸ் ராக் குழு 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தது இன்று பல கிட்டார்காரர்களுக்குப் பாடமாக இருக்கிறது. அது ஜி-யில். 7-ஆவது பாரில் ஜி7-இலிருந்து ஏ மைனர் 7-க்கு ஏறி, 8-இல் பி மைனர் 7 தொட்டு, பி ஃப்ளாட் மைனர் 7 வழியாக மறுபடி இறங்கி, 9-இல் ஏ மைனர் 7. 10-ஆவது பாரில் எல்லோரும் எதிர்பார்க்கும் கார்டை விட்டுவிட்டு சி மைனர் 7. இந்த சி மைனரின் அழகு எங்கே என்று தேடினால் மறுபடி ஒரு ஃபிரெட் நகர்வுதான் அகப்படுகிறது. 5-ஆவது பாரின் சி கார்டில் இருந்த இ, இங்கே இ ஃப்ளாட் ஆகி, 11-ஆவது பாரில் ஜி கார்டின் டி-யில் இறங்குகிறது. இவ்வளவு கார்ட் இருந்தும் அந்தக் குழுவின் கிட்டார்காரர்கள் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் மேலே வாசிக்கும் வரிகள் பாடக்கூடியவையாகவே இருக்கின்றன. ஹார்மனி கீழே வேலை செய்கிறது; மேலே ப்ளூஸ் பேசுகிறது.

எதிர்த் திசையிலிருந்து வந்தவர் கென்னி பரெல். ஜாஸ்காரர். 1963-இல் வெளிவந்த அவருடைய 'மிட்நைட் ப்ளூ' பதிவில் பியானோவே கிடையாது. கிட்டார், டெனர் சாக்ஸஃபோன், பாஸ், டிரம்ஸ், காங்கா. ஹார்மனியை நிரப்ப யாரும் இல்லாததால் ஒவ்வொரு கார்டும் தனித்துக் கேட்கிறது. ஆல்டர்டு ஸ்கேல் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் பல இடங்களில் இரண்டு மூன்று ஸ்வரங்களோடு நிறுத்திக்கொள்கிறார். அதில் உள்ள 'சிட்லின்ஸ் கான் கார்னே' பாட்டை டெக்சாஸ் ப்ளூஸ்காரரான ஸ்டீவி ரே வான் பதிவு செய்திருந்தார். அது அவர் இறந்த பிறகு 1991-இல் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், இந்த விவகாரத்தில் நான் சொல்ல முயல்வதைவிட அதிகம் கிடைக்கும்.

பழகுவதற்கு ஒரு வழி. மெதுவான 12-பார் பின்னணி ஒன்றைப் போட்டுக்கொண்டு, முதல் சுற்றில் ஒவ்வொரு கார்டுக்கும் மூன்றாவது ஸ்வரத்தை மட்டும் நீட்டி வாசியுங்கள். அடுத்த சுற்றில் ஏழாவதை மட்டும். மூன்றாவது சுற்றில், கார்ட் மாறும் நேரத்தில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குப் போங்கள். ஏ7-இல் ஜி-யில் இருந்தால் டி7-இல் எஃப் ஷார்ப், சி ஷார்ப்பில் இருந்தால் சி. சலிப்பாகத்தான் இருக்கும். அதைப் பாடிக்கொண்டே வாசித்தால் சலிப்பு குறையும், காதும் சீக்கிரம் திறக்கும். இது கைவந்த பிறகு உங்கள் வழக்கமான பென்டாடானிக் வரிகளையே வாசியுங்கள். ஆனால் 5-ஆவது பாரின் முதல் அடியில் மட்டும் எஃப் ஷார்ப்பில் வந்து இறங்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 4-ஆவது பாரின் டிமினிஷ்ட் சமாசாரமெல்லாம் அதற்கு அப்புறம்.

மேடையில் பியானோவோ கீபோர்டோ இருந்தால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அவர் கை ஒன்பதாவது, பதின்மூன்றாவது ஸ்வரங்களை ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருக்கும். நீங்களும் அதே உயரத்தில் டி9, ஏ13 என்று ஐந்து கம்பி உருவங்களைப் பிடித்தால் இரண்டும் கலங்கிவிடும். அவர் சோலோ வாசிக்கும்போது அந்த இரண்டு விரல் உருவத்தோடு நில்லுங்கள், ரூட்டைக்கூட விட்டுவிடுங்கள். 4-ஆவது பாரில் இ ஃப்ளாட் 7 போடப் போகிறீர்கள் என்றால் பாஸ் வாசிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் ஏ-யிலேயே நின்றால் மேலே உங்கள் ஜி-யும் சி ஷார்ப்பும் வெறும் ஏ7-ஆகத்தான் கேட்கும்.